நாலு பேர் இருக்கிற இடம்

இருட்டிய பிறகு வெளியே கிளம்பும் பெண்ணுக்கு வீட்டில் சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்று உண்டு: நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து நில். அதே வீட்டில் அதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்றும் குடியிருக்கிறது. தெருவில் ஒருவரை அடித்துப் போட்டாலும் கூட்டம் வேடிக்கைதான் பார்க்கும், ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள், மிஞ்சிப்போனால் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள் என்பது அந்த நம்பிக்கை. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. கூட்டம் கைவிடும் என்பது மெய்யானால், நாலு பேர் இருக்கிற இடத்தைத் தேடிப் போய் என்ன பயன்? முதலாவது பாட்டிகள் சொன்னது. இரண்டாவதற்கோ உளவியல் பாடநூல்களின் ஆதரவு இருந்தது. அதனால் படித்தவர்களிடம் அது இன்னும் அழுத்தமாக வேரூன்றியது. தெருக்களில் நடக்கும் உண்மையான சண்டைகளைக் கேமராப் பதிவுகளின் வழியே எண்ணிப் பார்த்த ஆய்வுகள் அண்மைக் காலத்தில் வரத் தொடங்கின. அவற்றைப் படித்தால் பாட்டியின் பக்கமே நியாயம் இருப்பது தெரிகிறது. ஆனால் அந்த நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்பதையும், ஆபத்தில் இருப்பவர் அவர்களை எப்படி அழைக்கிறார் என்பதையும் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

இரண்டாவது நம்பிக்கையின் பிறந்த தேதியைக்கூடச் சொல்லலாம். 1964 மார்ச் 13 அதிகாலை மூன்று மணிக்கு மேல், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்பும்போது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. சட்டத்தை மதிக்கும் 38 பேர் அரைமணி நேரத்துக்கு மேல் ஜன்னலில் நின்று கொலையைப் பார்த்தார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடக் காவல்துறைக்குப் போன் செய்யவில்லை என்றது அந்தச் செய்தி. உலகம் முழுவதும் பாடநூல்களில் ஏறிய இந்தக் கதையை ரேச்சல் மேனிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் ஆகிய மூவரும் 2007இல் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 38 பேர் ஜன்னலில் நின்று பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. கண்ணால் கண்ட சாட்சிகள் மிகச் சிலர்தான். பலர் தூக்கக் கலக்கத்தில் ஏதோ அலறலைக் கேட்டவர்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்து, அந்தப் பெண்ணை விடு என்று கத்தியிருக்கிறார். கொலைகாரன் அப்போது ஓடியும் போயிருக்கிறான். சற்று நேரத்தில் அவன் திரும்பி வந்து செய்த இரண்டாவது தாக்குதல், கட்டடத்தின் பின்புறம், பெரும்பாலான ஜன்னல்களிலிருந்து பார்க்க முடியாத படிக்கட்டு வழியில் நடந்தது. தகவல் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், கொலைகாரன் இன்னும் அங்கே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் இறங்கி ஓடி, குற்றுயிராய்க் கிடந்தவரை ஆம்புலன்ஸ் வரும்வரை கைகளில் ஏந்தியிருந்தார். அமெரிக்காவில் 911 என்ற அவசர எண் அன்று கிடையாது. அது வந்தது 1968இல். ஜன்னலிலிருந்து கத்திய அந்தக் குரல் கொலைகாரனை ஒருமுறை விரட்டியது என்ற செய்தி, கதையில் காணாமல் போனதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு. அந்த இரவு கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய பாடம் அதில் இருந்தது.

அந்தச் செய்தி தூண்டிவிட்ட சோதனைகள் உளவியலில் மிகப் புகழ்பெற்றவை. ஜான் டார்லி, பிப் லாட்டனே இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் இன்டர்காம் வழியே மற்றவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, ஒருவர் வலிப்பு வந்து திணறும் ஒலி கேட்டது. அதைக் கேட்பவர் தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் உதவி தேடி உடனே எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் எழுந்தது 31 விழுக்காடு. பொறுப்பு பலர் தலையில் பங்குபோடப்பட்டு யார் தலையிலும் இல்லாமல் போகிறது என்ற விளக்கம் இதிலிருந்து வந்தது. சோதனையில் பொய் இல்லை. ஆனால் அந்த அறைகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனி அறையில். அடுத்தவர் முகம் தெரியாது. அவர் எழுந்தாரா என்று பார்க்க முடியாது. கண்ணால் ஜாடை காட்ட முடியாது. ‘வாங்க, போய்ப் பார்ப்போம்’ என்று சொல்ல ஆள் இல்லை. கேட்ட குரல்களும் முன்பே பதிவு செய்யப்பட்டவை. கூட்டத்தின் மேல் அரை நூற்றாண்டாகப் பழி சுமத்திய அந்தச் சோதனையில் கூட்டம் என்ற ஒன்றே கிடையாது. தனித்தனியாக அடைக்கப்பட்ட மனிதர்களின் நடத்தையை எடுத்து, தேநீர்க் கடை வாசலில் தோளோடு தோள் நிற்பவர்கள் மேல் பொருத்திவிட்டோம்.

உண்மையான தெருவைப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது ரிச்சர்ட் ஃபில்பாட் தலைமையிலான குழு 2019இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் லான்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் சிசிடிவி பதிவுகளிலிருந்து 219 பொதுவெளி மோதல்களை எடுத்து, யார் எப்போது என்ன செய்தார் என்று நொடி நொடியாகக் குறித்தார்கள். 10 மோதல்களில் 9இல் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். பெரும்பாலும் ஒருவர் அல்ல, பலர். வன்முறை நிறைந்த நகரம் என்று பெயரெடுத்த கேப் டவுனிலும் அமைதியான லான்காஸ்டரிலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. சுற்றி நின்றவர்கள் கூடக் கூட, பாதிக்கப்பட்டவருக்கு உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. பழைய சோதனைகளோடு இது மோதுவதாகத் தோன்றும், மோதவில்லை. பழைய கேள்வி, கூட்டத்தில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட மனிதர் முன்வருவாரா என்பது. அடிபடுபவருக்கு அந்தக் கேள்வி முக்கியமில்லை; யாராவது ஒருவர் வருவாரா என்பதே அவருடைய கேள்வி. ஒவ்வொருவரும் முன்வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான் என்றும், ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்காது என்றும் வைத்துக்கொண்டால்கூட, பத்துப் பேர் நிற்கும் இடத்தில் ஒருவராவது வரும் வாய்ப்பு 89 விழுக்காடு. தெருவிலோ முடிவுகள் ஒன்றையொன்று தொற்றிக்கொள்கின்றன. ஒருவர் காலெடுத்து வைத்ததும் அடுத்தவருக்குக் கால் எழுகிறது.

ஆபத்து பெரிதானால் கூட்டம் இன்னும் ஒதுங்குமே என்பது இயல்பாக எழும் சந்தேகம். ஜெர்மனியில் பீட்டர் ஃபிஷரும் கூட்டாளிகளும் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஓர் ஆண் ஒரு பெண்ணிடம் அத்துமீறும் காட்சி, அடுத்த அறையில் நேரடியாக நடப்பதாக நம்பும்படி காட்டப்பட்டது. அவன் ஒல்லியானவனாக, ஆபத்து குறைவாகத் தெரிந்தபோது, தனியாகப் பார்த்தவர்களில் பாதிப்பேர் உதவ எழுந்தார்கள். இன்னொருவர் கூட இருந்தபோது அது 6 விழுக்காடாகச் சரிந்தது. அவன் வாட்டசாட்டமானவனாக, ஆபத்து அதிகமாகத் தெரிந்தபோதோ, தனியாக 44, துணையோடு 40; ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. ஆபத்து தெளிவாகத் தெரியும்போது தயக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது. கூட ஆள் இருப்பது அப்போது துணிவாகவும் மாறுகிறது. ஆக, மனிதர்களைக் கட்டிப்போடுவதில் பயத்துக்கு இணையான பங்கு குழப்பத்துக்கும் உண்டு. இது என்ன, விளையாட்டா, சண்டையா, இவர்கள் உறவுக்காரர்களா, நமக்கு இதில் என்ன வேலை என்ற குழப்பம்.

இந்தக் குழப்பம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை 1976இல் லான்ஸ் ஷாட்லண்ட், மார்கரெட் ஸ்ட்ரா இருவரும் அமெரிக்காவில் அளந்தார்கள். ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதாக நடிக்கப்பட்ட காட்சி. பெண் திமிறிக் கத்துகிறாள். நீ யாரென்றே எனக்குத் தெரியாது என்று அவள் கத்தியபோது, பார்த்தவர்களில் 65 விழுக்காட்டினர் தலையிட்டார்கள். உன்னை எதற்குத்தான் கட்டிக்கொண்டேனோ என்று கத்தியபோது 19 விழுக்காடு. அடி அதே, அலறல் அதே. ஒரு வாக்கியம் மட்டும் வேறு. எதுவும் சொல்லாமல் இருவர் மல்லுக்கட்டுவதைப் பார்ப்பவர்கள், அவர்கள் கணவன் மனைவியோ காதலர்களோ என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ‘புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கு எதுக்கு வம்பு’ என்ற நம்மூர்ப் பேச்சு நமக்கு மட்டும் உரியதில்லை. அது நியாயமும் இல்லை. தாலி கட்டியவன் அடித்தாலும் எலும்பு அதேபோலத்தான் முறியும், சட்டத்துக்கும் அது குற்றம்தான். ஆனால் அந்த மனப்பான்மை மாறும்வரை, முன்பின் தெரியாதவனால் தாக்கப்படும் ஒருவர் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது: ‘இவன் யாருன்னே எனக்குத் தெரியாது’ என்ற கூச்சல். தற்காப்பு என்றதும் நம் மனதில் வருவது கராத்தே உதையும் மிளகு ஸ்பிரேயும். கூட்டம் உள்ள இடத்தில் அவற்றுக்கு முன்னால் வரவேண்டியது, சுற்றி நிற்பவர்களின் குழப்பத்தை உடைக்கும் குரல். பொதுவாகக் கூவாமல் ஓர் ஆளைக் குறித்து அழைப்பது இன்னும் நல்லது. ‘நீலச் சட்டை அண்ணே, போலீஸுக்குப் போன் போடுங்க’ என்றால், சிதறிக் கிடந்த பொறுப்பு ஒருவர் தோளில் வந்து உட்காருகிறது.

எதிர்த்தால் அடி அதிகமாகும், பேசாமல் இருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு என்பது நெடுநாள் அறிவுரை. அமெரிக்கக் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த டார்க், கிளெக் இருவரும் 2004இல் காட்டியது வேறு. எதிர்த்தவர்களுக்குப் பட்ட காயங்களில் பெரும்பகுதி அவர்கள் எதிர்ப்பதற்கு முன்பே பட்டவை. காயம் பட்டதால் எதிர்த்தார்கள் என்பதே சரியான வரிசை. பயிற்சியால் பலன் உண்டா என்பதற்கு வலுவான சான்று கனடாவிலிருந்து வருகிறது. சார்லின் சென் குழு மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தது. ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 9.8 விழுக்காடு, பெற்றவர்களில் 5.2. இது தெருவைப் பற்றிய ஆய்வு அல்ல. தெரிந்த ஆண்களால் வரும் ஆபத்தே அதன் மையம். அந்த 12 மணி நேரத்தில் உடல்ரீதியான தற்காப்பு ஒரு பகுதிதான் என்பதையும் கவனிக்க வேண்டும். மீதியில் பெரும்பங்கு, ஆபத்தைச் சீக்கிரம் இனங்காணவும், மரியாதை கருதி அடங்கிப் போகும் பழக்கத்தை உதறவும் கற்றுக்கொடுப்பது. இப்படிப் பயிற்சி கொடுப்பதே பெண்ணின் மேல் பாரத்தை ஏற்றுவதாகாதா என்று பெண்ணியர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எதிர்க்க முடியாமல் போனவரை ‘ஏன் கத்தவில்லை’ என்று கூண்டில் நிறுத்துவது இங்கே வாடிக்கையாக இருக்கிறது. உடல் உறைந்து போவது கோழைத்தனமோ சம்மதமோ அல்ல. மூளையின் அடித்தளத்திலிருந்து எழும் அனிச்சைச் செயல் அது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவு உறைந்து போயிருந்தார்கள். எனவே பயிற்சி கிடைத்தால் நல்லது. கிடைக்காதவரிடமும், கிடைத்தும் உறைந்தவரிடமும் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. உறைந்தவருக்காகக் குரல் கொடுக்கவே சுற்றி நாலு பேர் தேவைப்படுகிறார்கள்.

அந்த நாலு பேர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தட்டிக்கேட்பது; மற்றது விலக்கிவிடுவது. ‘தட்டிக்கேட்டவருக்கு அரிவாள் வெட்டு’ என்று நாளிதழில் அடிக்கடி பார்க்கிறோம். அந்தத் தலைப்பே பலரைப் பின்னுக்கு இழுக்கிறது. தட்டிக்கேட்பவர் அடிப்பவனின் எதிரே நின்று அவன் மானத்தைச் சவாலுக்கு இழுக்கிறார். நாலு பேர் முன்னால் பின்வாங்கினால் கேவலம் என்ற நிலைக்கு அவனைத் தள்ளுகிறார். விலக்கிவிடுபவர் பின்வாங்க அவனுக்கு வழி திறந்து வைக்கிறார். ‘விடுப்பா, போதும், வா இந்தப் பக்கம்’ என்று விரித்த கையோடு நடுவில் வருவதும், சண்டைக்காரனைத் தோளில் கைபோட்டு நகர்த்துவதும், அடிபட்டவரைக் கடைக்குள் அழைத்துப் போவதும் இந்த வகை. சிசிடிவி பதிவுகளில் வெற்றி பெற்ற தலையீடுகள் பெரும்பாலும் இவைதான். மார்க் லெவின் குழு 2011இல் கண்டது இன்னும் நுட்பமானது. ஒருவர் ஒருமுறை தடுத்தால் சண்டை பெரும்பாலும் நிற்பதில்லை. முதலாமவர் தொடங்கியதை இரண்டாமவரும் மூன்றாமவரும் தொடரும்போதே அது அடங்குகிறது. சண்டைகளைக் கூர்ந்து ஆராய்ந்த சமூகவியலாளர் ராண்டல் காலின்ஸ், மோதலுக்குள் இறங்குகிற பெரும்பாலானவர்களின் உடலில் பதற்றமும் அச்சமும்தான் மிகுந்திருக்கும் என்கிறார். சுற்றி நிற்பவர்கள் ஊக்கினால் சண்டை நீள்கிறது, ஊக்காவிட்டால் சீக்கிரம் தேய்கிறது. விலக்கப் போகிறவருக்கு அடி விழாதா என்றால், விழலாம். ஆனால் கேமராப் பதிவுகளை எண்ணியவர்கள் கண்டவரை அப்படி அடிபட்டவர்கள் மிகச் சிலரே. நூறு தடவை விலக்கிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் செய்தியாவதில்லை.

இந்த இடத்தில் எழும் எதிர்வாதம் கனமானது. கைகலப்பு வேறு, அரிவாள் வேறு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞரும் அவர் மனைவியும் வெட்டப்பட்டார்கள், இளைஞர் இறந்தார். அதே ஆண்டு ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு இடங்களிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் ஏன் பாயவில்லை என்று கேட்பதை நான் நேர்மையான கேள்வியாக நினைக்கவில்லை. திட்டமிட்டு வந்தவனின் கையில் அரிவாள் இருக்கும்போது, என்ன நடக்கிறது என்று மூளை புரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வெறுங்கையோடு நெருங்கச் சொல்லும் அறிவுரையை எந்த ஆய்வும் தாங்காது. தூரத்திலிருந்து கூச்சலிடலாம், 112ஐ அழைக்கலாம், ஓடுபவனின் வண்டி எண்ணைக் குறிக்கலாம். ஆனால் நுங்கம்பாக்கத்தில் உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடைமேடையிலேயே கிடந்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு அரிவாள் பயத்தைக் காரணம் சொல்ல முடியாது. தாக்குபவன் போன பிறகு வரும் நிமிடங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பெரிய ரத்தக்குழாய் அறுந்தவர் சில நிமிடங்களில் இறந்துவிடலாம். ஆம்புலன்ஸ் அதற்குள் வருவது அரிது. கையில் கிடைத்த துண்டையோ துப்பட்டாவையோ மடித்து, ரத்தம் வரும் இடத்திலேயே வைத்து, முழுப் பலத்தோடு, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிப்பதும், குத்திய கத்தி உடலில் இருந்தால் பிடுங்காமல் விடுவதும், இன்னொருவர் 108ஐ அழைப்பதும் யாருக்கும் சாத்தியமானவை. வெட்டைத் தடுக்க முடியாத கூட்டமும் இதைச் செய்ய முடியும்.

கூட்டத்தை நம்பச் சொல்வதில் வேறொரு ஆபத்து உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. நம்மிடம் மூன்றாவதாக ஒரு சொல்லும் இருக்கிறது: தர்ம அடி. திருடன் என்று கைகாட்டப்பட்டவனைத் தெருவே சேர்ந்து அடிப்பதற்கு, அறத்தின் பெயரையே சூட்டி வைத்திருக்கிறோம். 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண் ஒருவரை ஊர் கூடி அடித்தே கொன்றது. அதுவும் ‘தலையிட்ட’ கூட்டம்தான். யாரை நம்மவர் என்று கருதுகிறோம் என்பது இங்கே தீர்மானிக்கிறது. லான்காஸ்டரில் நடந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களின் கண்ணெதிரே ஒருவர் தடுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு துடித்தார். தங்கள் அணிச் சட்டை போட்டவருக்குப் பெரும்பாலோர் உதவினார்கள். எதிரணியான லிவர்பூல் சட்டைக்கு உதவியவர்கள் மிகக் குறைவு. கால்பந்து ரசிகர்கள் எல்லோரும் ஒரே குலம் என்ற எண்ணத்தை முதலில் ஊட்டிய பிறகு, லிவர்பூல் சட்டைக்கும் உதவி கிடைத்தது. நம் தெருவில் அந்தச் சட்டையின் இடத்தில் சாதி, மதம், மொழி, வடக்கிலிருந்து வந்த தொழிலாளியின் முகம் எல்லாம் நிற்கின்றன. கூட்டத்தின் வலிமை நல்லதோ கெட்டதோ அல்ல, அது வலிமை. விலக்கிவிடுவது என்ற வரம்புக்குள் அது நிற்கிறதா என்பதே சோதனை. அடித்தவனைப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைப்பதோடு கை ஓயவேண்டும்.

சட்டமும் ஏறத்தாழ அதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. தன் உடலை மட்டுமல்ல, வேறு யாருடைய உடலையும் காக்கும் உரிமை 35ஆம் பிரிவில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்பு 37இல். ஆனால் மக்களைத் தடுப்பது தண்டனைப் பயமல்ல. ‘சாட்சின்னு கூப்பிட்டு அலையவிடுவாங்க’ என்ற பயம். சாலை விபத்தில் இதே பயத்தைக் கண்டு, உச்ச நீதிமன்றம் 2016இல் உதவுபவர்களுக்கான வழிகாட்டு நெறிகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு இல்லை. பெயரும் முகவரியும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அந்தப் பிரிவு பேசுவது மோட்டார் வாகன விபத்தைப் பற்றி மட்டுமே. லாரி மோதி விழுந்தவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவருக்கு அது எழுதிக் கொடுத்திருக்கும் வார்த்தை, அதே சாலையில் கத்திக்குத்துப் பட்டு விழுந்தவரைத் தூக்கியவருக்கு அதில் இல்லை.